படத்துக்குள் வந்த பெண்களும் வராத பெண்களும்

குற்றாலத்துப் பேரருவியில் பெண்கள் குளிக்கும் பக்கம் தனி. சாரல் பிடித்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ஓர் ஊரே கூடிவிடும். கைப்பிள்ளையின் தலையை மட்டும் தண்ணீருக்குக் காட்டிவிட்டு மார்போடு இழுத்துக்கொள்ளும் தாய், மூட்டுவலிக்கு இந்தத் தண்ணீர்தான் மருந்து என்று கம்பியைப் பிடித்தபடி நகர மறுக்கும் ஆச்சி, கை கோத்துக்கொண்டு கூச்சலோடு நுழையும் கல்லூரிப் பெண்கள் என்று எல்லா வயதும் அங்கே நனையும். முன்பின் தெரியாதவளுக்குக் கை கொடுத்து உள்ளே இழுத்துவிடுவார்கள். பெண்கள் மட்டும் சேர்ந்து வாய்விட்டுச் சிரிக்கிற பொது இடம் தென்காசிச் சீமையில் இதைப்போல இன்னொன்று கிடையாது.

இந்தக் காட்சியை எழுதிய ஓவியம் ஒன்றைச் சொல்லச் சொன்னால் நம் நினைவுக்கு எதுவும் வருவதில்லை. அருவிக்குப் படம் உண்டு, அருவிக்கரைச் சிவனுக்கும் படம் உண்டு. அருவியில் நனைகிற பெண்கூட்டத்துக்கு இல்லை.

ஜப்பானில் இருக்கிறது. தோரி கியோனாகா என்ற ஓவியர் 1780களின் பிற்பகுதியில், எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்துப் பொதுக் குளியல் கூடம் ஒன்றில் பெண்கள் குளித்துத் துவட்டிப் பிள்ளைகளைக் கவனித்துக்கொண்டிருப்பதை மரக்கட்டை அச்சில் இரண்டு தாள்களாக வெளியிட்டார். நூறு ஆண்டுக்குப் பின் அதன் ஒரு படி பாரிஸ் போய்ச் சேர்ந்தது. ஓவியர் எட்கர் தெகா அதை வாங்கித் தன் படுக்கையறையில் மாட்டி வைத்திருந்தார். குளிக்கும் பெண்களை அவர் ஓயாமல் வரைந்ததில் அந்தத் தாள்களுக்கும் பங்கு உண்டு என்பார்கள். 1890இல் பாரிஸில் ஜப்பானிய அச்சோவியங்களின் பெரிய கண்காட்சி நடந்தது. அதைப் பார்த்த மேரி கசாட் என்ற அமெரிக்க ஓவியர், அடுத்த ஆண்டே பத்து வண்ண அச்சுப் படங்களைக் காட்சிக்கு வைத்தார். பிள்ளையைக் குளிப்பாட்டுகிறவள், கடிதத்தின் உறையை நாவால் ஒட்டுகிறவள், தையற்காரியிடம் உடையைச் சரிபார்க்கிறவள். ஜப்பானில் ஆண்கள் வரைந்த பெண்ணுலகத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண் தன் உலகத்தை வரைந்த கதை இது.

அந்தத் தாள்கள் ஏன் அங்கே பிறந்தன? காரணம் கலைத்தாகம் மட்டும் அல்ல, கடைத்தெரு. ஓவியர் கோடு போடுவார், செதுக்குபவர் செர்ரி மரப்பலகையில் வெட்டுவார், அச்சிடுபவர் வண்ணத்துக்கு ஒரு பலகையாக ஒற்றியெடுப்பார். முதல் போட்டு லாபம் பார்ப்பவர் பதிப்பாளர். 1765 வாக்கில் பல வண்ண அச்சு கைவந்ததும் வியாபாரம் சூடுபிடித்தது. ஒரு தாளின் விலை, தெருவோரக் கடையில் ஒரு கிண்ணம் சோபா நூடுல்ஸுக்குக் கொடுக்கும் காசைவிடச் சற்றுத்தான் கூடுதல். கூலிக்காரனும் வாங்கலாம். அரசன் சொல்லி வரைந்ததுமில்லை, கோயில் சொல்லி வரைந்ததுமில்லை. வாங்குகிறவன் எதைக் கேட்டானோ அதை வரைந்தார்கள். அவன் கேட்டது பெண்களை.

அதிலும் யோஷிவாரா பெண்களை. எடோவின் அரசு அனுமதி பெற்ற பரத்தையர் குடியிருப்பு அது. பெரும் பதிப்பாளரான சுதாயா ஜுசாபுரோ அங்கேயே பிறந்தவர். அந்தக் குடியிருப்புக்கு வழிகாட்டிப் புத்தகம் போட்டுத் தொழிலில் காலூன்றியவர். அவர் வளர்த்துவிட்ட ஓவியர் உதாமரோ, யோஷிவாராவின் பன்னிரண்டு பொழுதுகள் என்று ஒரு வரிசை வெளியிட்டார். விடியலில் சோர்ந்து நிற்பவள், பகலில் கடிதம் எழுதுபவள், இரவுக்கு ஒப்பனை செய்துகொள்பவள். பார்த்தால் மயங்கிவிடுவோம். வறுமையில் பெற்றவர்களே விற்றுவிட்ட பெண்கள் அவர்கள் என்பது அந்தப் பட்டுத் தாள்களில் எங்கும் தெரியாது. இறந்துபோனால் உறவு கேட்டு வராத பெண்களைக் கொண்டுபோய்ப் புதைத்த ஜோகான்ஜி என்ற கோயில் இன்றும் டோக்கியோவில் இருக்கிறது. அதை எந்த அச்சோவியரும் வரிசை போட்டு விற்கவில்லை.

அரசுக்குப் பயம் வேறிடத்தில் வந்தது. தேநீர்க் கடைப் பெண்கள் இருவர், ஒகிதா, ஒஹிசா என்று பெயர். இவர்களின் முகங்களை உதாமரோ வரைந்ததும் ஊரே அந்தக் கடைகளுக்கு ஓடியது. 1793இல் அதிகாரிகள் ஓர் ஆணை போட்டார்கள்: பரத்தையர் அல்லாத பெண்களின் பெயரைப் படத்தில் அச்சிடக் கூடாது. பதிப்பாளர்கள் பெயருக்குப் பதில் விடுகதைப் படம் போட்டார்கள். அதற்கும் பிறகு தடை வந்தது. முகத்தை மட்டும் பெரிதாக வரைவதற்கு 1800இல் தடை. கடைசியில் 1804இல், பழைய தளபதி ஹிதேயோஷியை வரைந்த குற்றத்துக்காக உதாமரோவுக்குக் கைவிலங்கு மாட்டினார்கள். இரண்டு ஆண்டில் அவர் இறந்துபோனார். உடலை விற்பவளுக்குப் பெயர் இருக்கலாம், தேநீர் ஊற்றுகிறவளுக்குப் பெயர் இருக்கக் கூடாது என்று நினைத்த அரசு அது.

இனி நம் ஊருக்கு வருவோம். எடோவில் அச்சோவியம் இன்னும் பல வண்ணத்துக்கு வராத காலத்தில், தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே இருக்கும் மேலகரத்தில் ஒரு கவிஞர் பெண்களின் உலகத்தைச் சொல்லால் தீட்டிக்கொண்டிருந்தார். திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியைச் சொல்கிறேன். மதுரை நாயக்கர் முத்து விசயரங்கச் சொக்கநாதர் (1706–1732) அதற்குப் பரிசாக நிலம் கொடுத்தார். அந்த நிலத்துக்குக் குறவஞ்சி மேடு என்றே பெயர் விழுந்தது.

கதை எளிது. குற்றாலநாதர் உலா வருகிறார். தெருவில் தோழியரோடு பந்தடித்துக்கொண்டிருந்த வசந்தவல்லி பார்க்கிறாள், மையல் கொள்கிறாள், நிலவையும் தென்றலையும் பழித்துப் புலம்புகிறாள், தோழியைத் தூது அனுப்புகிறாள். அப்போது கூடையும் கோலுமாகச் சிங்கி என்ற குறத்தி வருகிறாள். மலைவளம் சொல்லி, கைபார்த்துக் குறி சொல்லி, நகைகளைப் பரிசாக வாங்கிக்கொண்டு போகிறாள். அவளைத் தேடி அவள் கணவன் சிங்கன் அலைகிறான். கண்டுபிடித்ததும் காலில் கிடப்பது என்ன, கையில் கிடப்பது என்ன என்று ஒவ்வொரு நகையாகக் கேட்கிறான். அவள் எங்கே யாரிடம் சம்பாதித்தது என்று ஒவ்வொன்றுக்கும் கணக்குச் சொல்கிறாள்.

வசந்தவல்லியின் பந்தாட்டத்தை அப்படியே ஓர் அச்சோவியத் தாளுக்கு மாற்றிவிடலாம். ஜப்பானிய ஓவியர்களுக்கும் பந்து விளையாடும் பெண்கள் மேல் மோகம் உண்டு. புத்தாண்டுக்குப் பெண்பிள்ளைகள் நூல் சுற்றிய பந்தைத் தட்டி விளையாடுவது அவர்களின் வாடிக்கையான காட்சி. குலுங்கும் வளை, நழுவும் ஆடை, கலையும் கூந்தல் என்று ஓவியன் கண் எங்கே போகிறதோ கவிராயர் கண்ணும் அங்கேதான் போகிறது. இரண்டு இடத்திலும் பெண்களின் கூட்டம் ஓர் ஆணின் பார்வைக்காக அடுக்கப்பட்டிருக்கிறது. நம் உலா இலக்கியம் பெண்களைப் பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவமாகப் பிரித்து வரிசையில் நிறுத்தியது. உதாமரோவும் பெண்களின் முகக்குறிகளை வகை பிரித்துப் பத்து வகை என்ற பெயரில் ஒரு வரிசை போட்டார். வகை பிரித்து அடுக்குவதில் ஆண்களுக்கு எல்லா நாட்டிலும் ஒரே குஷி.

ஆனால் சிங்கி வேறு. அவளை அப்படி அடுக்க முடியவில்லை. வசந்தவல்லி தெருவையும் வீட்டையும் தாண்டுவதில்லை, சிங்கியோ நாடெல்லாம் தனியே நடந்தவள். வசந்தவல்லிக்குத் தெரிந்த ஆண் ஒருவன், அவனும் கடவுள். சிங்கிக்கு ஊர் தெரியும், மலை தெரியும், ஆறு தெரியும், பணக்காரர் வீட்டுப் பெண்களின் மனமும் தெரியும். நாடகத்தில் சொந்தமாகச் சம்பாதிக்கிற ஒரே பெண் அவள்தான். கணவன் கேட்கும் கேள்விகளில் சந்தேகம் இருக்கிறது, அவள் விடைகளில் பதற்றம் இல்லை. கவிராயர் கட்டியக்காரனோடும் கடவுளோடும் பெரிய வீட்டுப் பெண்ணோடும் நாடகத்தைத் தொடங்கினாலும், அவர் மனம் லயித்தது கூடை தூக்கி வந்தவளிடம் என்றே எனக்குப் படுகிறது. குற்றாலத்திலேயே குடியிருந்து கவிதையைச் சுவைத்த ரசிகமணி டி.கே.சி. இந்த நூலைக் கொண்டாடியது சந்தத்துக்காக மட்டும் இருக்காது.

கல்லிலும் குறத்திக்கு இடம் உண்டு. தென்காசி காசி விசுவநாதர் கோயில், பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கியது. அங்கே கோபுரம் தாண்டி உள்ளே போனால் ஆளுயரத்துக்கு மேலான தூண் சிற்பங்களில் ரதியும் மன்மதனும் நடன மங்கையரும் நிற்கிறார்கள். அழகுதான், ஆனால் அவர்கள் யாருக்கும் வேலை இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில் இருக்கும் கிருஷ்ணாபுரம் வெங்கடாசலபதி கோயிலுக்குப் போனால் கதை மாறும். நாயக்கர் காலத்து மண்டபம். ஒரு தூணில் குறத்தி ஒருத்தி இளவரசனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறாள். இன்னொன்றில் குறவன் இளவரசியைத் தூக்கிப் போகிறான். இளவரசனைத் தோளில் சுமக்கும் பெண்ணை எந்த எடோத் தாளிலும் நான் கண்டதில்லை. கற்தச்சனுக்கு இருந்த துணிச்சல் அது.

சுவருக்கு வருவோம். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்றான சித்திர சபை குற்றாலத்தில்தான் இருக்கிறது. செப்புத் தகடு வேய்ந்த கூரை, முன்னே தெப்பக்குளம். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் இரத்தினம் என்று மற்ற நான்கும் உலோகத்தையும் மணியையும் பெயராகக் கொள்ள, இங்கே ஆண்டவனே ஓவியமாக இருக்கிறான். மூலிகை வண்ணம் பூசிய சுவர்களில் தெய்வங்களும் புராணக் கதைகளும் நிறைந்திருக்கின்றன. உலகத்தில் ஓர் ஓவியத்துக்கே கோயில் கட்டி மார்கழித் திருவாதிரைக்கு வழிபாடு நடத்தும் ஊர்கள் எத்தனை இருக்கும்? அப்படி ஓவியத்தை மதித்த ஊரில், அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு சபைக்கு வந்து கும்பிடும் பெண்கள் சுவரில் ஏறவில்லை. பெண் சுவரில் ஏற வேண்டுமானால் தேவியாக இருக்க வேண்டும், அல்லது தேவிக்குச் சாமரம் வீச வேண்டும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கோயில் சுவரின் வேலை அது. கேள்வி என்னவென்றால், கோயிலுக்கு வெளியே நமக்கு மலிவான காகிதப் படம் எப்போது வந்தது, வந்தபோது அதில் யார் வந்தார்கள் என்பதுதான்.

திருவிதாங்கூரின் ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார். குற்றாலத்துக்கு அடுத்த செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்ச் சீமைதான், ஆகவே அவர் ஒரு வகையில் பக்கத்து வீட்டுக்காரர். அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் சகுந்தலையும் தமிழ்நாட்டு வீடுகளின் சுவரேறினார்கள். மைசூர் அரண்மனைக்காக இந்தியாவின் பல பகுதிப் பெண்கள் பதினொருவரை வாத்தியங்களோடு ஒன்றாக உட்கார வைத்தும் ஓர் ஓவியம் தீட்டினார். அந்நாளில் ஒரு கூடத்தில் சேர்ந்து உட்கார வாய்ப்பில்லாத பெண்கள் அவர்கள்! பிறகு நம் கரிசல் பக்கத்திலேயே ஓர் ஓவியர் வந்தார். ரமணாசிரமத்தில் இருந்தவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டவர், சி. கொண்டையராஜு (1898–1976). அவரும் அவருடைய மாணவர்களும் வரைந்தார்கள், சிவகாசி அச்சடித்தது, மளிகைக் கடையும் ஜவுளிக் கடையும் தை பிறந்தால் காலண்டராகக் கொடுத்தன. எடோவின் தாள் எப்படிக் கூலிக்காரன் வீட்டுக்கும் போனதோ அப்படியே நம் காலண்டரும் குடிசைக்கும் போனது. ஒரே தொழில் அமைப்பு, ஒரே விலை மலிவு. ஆனால் தேநீர்க் கடைப் பெண்ணுக்குப் பதிலாக மீனாட்சி வந்தாள், லட்சுமி வந்தாள். எடோவில் படத்துக்குப் பணம் போட்டவனுக்குக் கேளிக்கை வேண்டியிருந்தது. இங்கே பணம் போட்ட கடைக்காரருக்கு மங்களம் வேண்டியிருந்தது. கேளிக்கையைச் சினிமா எடுத்துக்கொண்டது.

படங்களின் கதை இது. படத்துக்கு நின்றவர்களின் கதை வேறு.

குறவஞ்சி நாடகங்களைக் கோயில்களில் ஆடி வந்தவர்கள் தேவதாசிகள். தஞ்சைப் பெரிய கோயிலில் சரபேந்திர பூபாலக் குறவஞ்சியை அவர்கள்தாம் ஆடினார்கள். இருபதாம் நூற்றாண்டில் அவர்கள் மேடையைவிட்டு இறக்கப்பட்டார்கள். கலையைக் காக்க வேண்டும் என்று பெண் வேடம் கட்டி ஆடிக் காட்டிய வழக்கறிஞர் இ. கிருஷ்ணய்யர் நம் கல்லிடைக்குறிச்சிக்காரர். 1944இல் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவின் முதல் நாட்டிய நாடகமாகக் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றினார். பரம்பரையாக ஆடியவர்களின் கையிலிருந்து புது வகுப்புப் பெண்களின் கைக்கு வசந்தவல்லி மாறிவிட்டாள். ஜப்பானில் இதைவிட வினோதம். 1629இலேயே பெண்களைக் கபுகி நாடக மேடையிலிருந்து விலக்கிவிட்டதால், நடிகர் படம் என்று விற்ற தாள்களில் உள்ள ‘பெண்கள்’ எல்லாம் ஆண்கள்.

இரண்டு நாட்டிலும் உள்ளிருந்து பேசும் பெண்குரல் எழுத்தில்தான் வந்தது. யோஷிவாராவின் ஓரத்தில் சின்னக் கடை வைத்துப் பிழைத்த இச்சியோ ஹிகுச்சி, அந்த வாழ்வுக்குள் இழுக்கப்படப்போகும் சிறுமியின் கதையை 1895–96இல் எழுதினார். இருபத்து நான்கு வயதில் செத்துப்போனார். பின்னாளில் ஐயாயிரம் யென் நோட்டில் அவர் முகம் வந்தது. இங்கே, தேவதாசி மரபில் வளர்ந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் 1936இல் ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ எழுதினார். உதாமரோவின் பட்டு மடிப்புகளை ரசிப்பவர்கள் இச்சியோவையும் படிக்க வேண்டும். குறவஞ்சியின் சந்தத்தை ரசிப்பவர்களுக்கு மூவலூராரைப் படிக்கும் கடமை இருக்கிறது.

சிங்கிக்கு நேர்ந்தது இன்னும் கொடுமை. நாடகத்தில் நாடு சுற்றியவள் என்பது அவளுக்குப் பெருமை. வெள்ளைக்காரன் சட்டத்தில் நாடு சுற்றுவதே குற்றம். 1871இல் வடக்கே வந்த குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குறவர்களில் பல பிரிவினர் பட்டியலில் ஏற்றப்பட்டார்கள். பிறந்ததனாலேயே குற்றவாளி, ஊர் விட்டு ஊர் போனால் காவல் நிலையத்தில் பதிவு. அதே காலத்தில் மதுரையிலும் சென்னையிலும் பண்டிதர்கள் சிங்கியின் மலைவளத்தைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தைச் சென்னை மாகாணம் நீக்கியது 1947இல். பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியதும் அதே 1947இல்தான். ஆடியவளுக்கும் ஆடப்பட்டவளுக்கும் ஓராண்டிலேயே சட்டம் கதவைத் திறந்தது.

ஆனாலும் படம் விடவில்லை. கோயில் கொடைகளில் கரகாட்டத்தோடு சேர்ந்து வந்த குறவன் குறத்தி ஆட்டம், போகப்போக இரட்டை அர்த்தப் பேச்சாகவும் அரைகுறை ஆடையாகவும் ஆனது. தென்காசிப் பக்கத்துக் கொடைகளைப் பார்த்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. குறவர் சமூகத்தவர் பல ஆண்டு எதிர்த்தார்கள், நீதிமன்றம் போனார்கள். 2023இல் தமிழ்நாடு அரசு அந்த ஆட்டத்துக்குத் தடை விதித்தது. நாட்டார் கலைக்குத் தடையா என்று சிலர் முகம் சுளித்தார்கள். என் கட்சி குறவர்களின் கட்சி. ஒரு சமூகத்துப் பெண்ணை முந்நூறு ஆண்டு மற்றவர்களே வேடம் கட்டிக் காட்டினால், போதும் என்று சொல்லும் உரிமை அந்தச் சமூகத்துக்கு உண்டு.

இப்போது உதாமரோவுக்கு ஒரு நியாயம் செய்ய வேண்டும். அவர் யோஷிவாராவோடு நின்றுவிடவில்லை. அடுக்களையில் ஊதுகுழலால் நெருப்பை ஊதிப் புகையில் கண் சுருக்கும் பெண்ணை வரைந்தார். கடலில் மூழ்கிச் சிப்பி எடுக்கும் பெண்களை வரைந்தார். முட்டையிலிருந்து துணி வரைக்கும் பட்டுப்பூச்சி வளர்க்கும் பெண்களின் வேலையைப் பன்னிரண்டு தாள்களில் தொடர்ச்சியாகக் காட்டினார். எல்லோரும் கொஞ்சம் அளவுக்கு மீறித் துப்புரவாக இருக்கிறார்கள், வியர்வை இல்லை. இருந்தாலும் வேலை படத்துக்குள் வந்துவிட்டது. தழை நறுக்குவது எப்படி, கூட்டைப் பிரிப்பது எப்படி, யார் யாரோடு உட்கார்ந்து பேசிக்கொண்டே செய்தார்கள் என்று இன்றைக்கும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம்.

அப்படி வரையத்தக்க வேலை நம் பக்கத்திலும் உண்டு. தென்காசி, ஆலங்குளம், கடையநல்லூர், பொட்டல்புதூர், கீழப்பாவூர் என்று எந்தத் தெருவில் மதியம் நுழைந்தாலும் திண்ணையில் நாலைந்து பெண்கள் மடியில் தட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். பீடி சுற்றுகிறார்கள். நனைத்த இலையை அளவு வைத்துக் கத்தரிப்பது, தூளைப் பரப்பிச் சுருட்டுவது, நூல் கட்டுவது, முனையை மடித்துக் குத்துவது என்று விரல்கள் தம்பாட்டுக்கு ஓடும். வாய் ஊர்க்கதை பேசும், கண் தெருவில் போகிறவரை எடைபோடும். ஆயிரத்துக்கு இவ்வளவு என்று கூலி. இந்தத் தொழிலுக்கென்று 1966இல் மத்தியச் சட்டமே வந்தது. பெண்பிள்ளையின் காதில் கிடக்கும் கம்மல், பையனின் கல்லூரிக் கட்டணம், வீட்டின் கான்கிரீட் கூரை, எல்லாவற்றிலும் அந்தத் தட்டின் காசு கலந்திருக்கிறது. நெஞ்சில் தூசியும் கழுத்தில் வலியும் அதன் மறுபக்கம். இந்தச் சீமைப் பெண்களின் கூட்டு வாழ்க்கை என்றால் அது பந்தடித்தலில் இல்லை, இந்தத் திண்ணையில்தான் இருக்கிறது. சிங்கியின் உண்மையான வாரிசுகள் இவர்கள்தாம். சிங்கன் கேட்டால் எந்த நகை எத்தனை ஆயிரம் பீடியில் வந்தது என்று இவர்களும் கணக்குச் சொல்லுவார்கள்.

இவர்களை வரிசையாக வரைந்தவர் யாரும் இல்லை. கைப்பேசியில் படம் எடுக்கிறோமே என்று சொல்லக்கூடும். எடுக்கிறோம், கல்யாணத்தில் எடுக்கிறோம், அருவிக்கரையில் எடுக்கிறோம். தட்டை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு, முகம் கழுவிப் பூ வைத்துக்கொண்டு நிற்கச் சொல்லி எடுக்கிறோம். பீடித் தொழிலின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. அடுத்த தலைமுறைப் பெண்கள் தட்டைத் தொடுவதில்லை, தொட வேண்டாம் என்று தாய்மார்களே சொல்கிறார்கள். நல்லதுதான். தொழில் போகட்டும், செய்தவர்களின் சுவடும் சேர்ந்து போக வேண்டியதில்லை.

தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டமாகி ஆண்டுகள் ஓடிவிட்டன. குற்றாலத்தில் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. அங்கே கல்லுக்கும் பானை ஓட்டுக்கும் இருக்கும் இடத்தில் ஓர் அறையை இந்த மாவட்டத்துப் பெண்களின் உழைப்புக்கும் கூடுகைக்கும் ஒதுக்கலாம். பெரிய செலவு இல்லை. மூடிக்கொண்டிருக்கும் ஸ்டூடியோக்களின் பழைய நெகட்டிவ்களைக் கேட்டு வாங்கலாம், உள்ளூர் ஓவியர்களுக்கு வேலை கொடுக்கலாம், பேசத் தெரிந்த ஆச்சிகளை உட்கார வைத்துக் கேட்டுப் பதிவு செய்யலாம். அரசு செய்யும் வரை காத்திருக்கவும் வேண்டாம். உங்கள் வீட்டுப் பரணில் பழைய படங்கள் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். பின்பக்கத்தில் ஊரையும் ஆண்டையும் பென்சிலால் குறித்து வையுங்கள். படத்தில் இருக்கும் பெண் இன்னார் மனைவி, இன்னார் தாயார் என்று எழுதி நிறுத்தாமல், அவள் பெயரையும் அவள் செய்த வேலையையும் சேர்த்து எழுதுங்கள்.